ரப்பர் கடை லேப்டாப்புக்கு எந்த ஆன்டிவைரஸ்?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பான். குமிழி எங்கே, பூசணம் எங்கே, புகை ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று நொடியில் சொல்லிவிடுவான். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் எனக்குப் போன் வரும். "எடே, காசு கொடுக்காம நல்லதா ஒரு ஆன்டிவைரஸ் சொல்லு."

சில வருடங்களுக்கு முன்பும் இதையேதான் கேட்டான். அப்போது நான் சொன்ன பதில் தப்பு. நாலு பேர் நல்லது என்று சொன்ன ஒரு இலவச மென்பொருளை இறக்கிப் போட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் போன். "வைரஸ் வந்துட்டுடே, செவப்புல எழுதிக் காட்டுது." போய்ப் பார்த்தால், நான் போட்ட ஆன்டிவைரஸ் காட்டிய விளம்பரம் அது. மூன்று பிரச்சினை இருக்கிறதாம், காசு கட்டினால் சரி பண்ணுமாம். அதைப் பார்த்துப் பயந்து அவன் மகன் இன்னொரு ஆன்டிவைரஸையும் மேலே ஏற்றி வைத்திருந்தான். கணக்கு எழுதுகிற டேலி மென்பொருளைத் திறக்கச் சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து போய் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம். அப்போதும் திறந்திருக்காது.

ஒன்றுக்கு இரண்டு காவல் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஆன்டிவைரஸ் நிற்கிற இடம் அப்படி. எந்த புரோகிராம் எந்தக் கோப்பைக் கேட்டாலும், அந்தக் கேள்வி ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற வழியில், விண்டோஸின் அடிமட்டத்தில், இது மறித்து நிற்கிறது. கோப்பைத் தான் முதலில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். டேலி மாதிரி ஒரு மென்பொருள் எழும்பும்போது கோப்புகளை வரிசையாகத் திறந்துகொண்டே போகும். இரண்டு பேர் மறித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சோதனை. போதாததற்கு, ஒருவர் சோதிக்கத் திறக்கிற கோப்பை மற்றவர் பிடித்து நிறுத்துவார்.

சரி, மறித்து நிறுத்தி எதைப் பார்க்கிறது?

முதல் வேலை, ஏற்கெனவே பிடிபட்ட திருடனின் கைரேகையோடு ஒத்துப் பார்ப்பது. ஒரு கோப்பை ஷா-256 என்ற கணக்கில் போட்டால் 64 எழுத்து நீளத்தில் ஒரு குறி கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்தக் குறி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். அதுதான் இதன் பலம், பலவீனமும் அதுவே. பரவுகிற ஒவ்வொரு தடவையும் தன் உருவை மாற்றிக்கொள்ளும் வைரஸ்கள் 1990-லேயே வந்துவிட்டன. பழைய ரேகையை வைத்துக்கொண்டு அவற்றைப் பிடிக்க முடியாது.

இதை நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவனே இடையில் புகுந்தான். "நான் பாக்கிற ஷீட்டு எல்லாம் புதுசுதாலே. நேத்து பாத்த ஷீட்டு இன்னைக்கு வராது. லட்சணத்த வச்சுதான பிடிக்கேன்." அவ்வளவுதான் விஷயம். இரண்டாவது முறை அதுவே: ரேகை தெரியாவிட்டாலும் லட்சணம் பார்ப்பது. இந்தக் கோப்பு தன்னைச் சுருட்டி மறைத்து வைத்திருக்கிறதா? கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் தானும் எழும்பும்படி எழுதி வைக்கிறதா? மற்ற கோப்புகளை வரிசையாகத் திறந்து பூட்டப் பார்க்கிறதா? கட்டுக்கு நடுவில் ஈர ஷீட்டை வைத்து எடை கூட்டுகிறவனைப் பிடிக்க, என் நண்பன் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுப்பான். ஆன்டிவைரஸும் சந்தேகப்பட்ட புரோகிராமை ஒரு பொய்க் கம்ப்யூட்டருக்குள் கொஞ்சம் ஓடவிட்டு, பிரிந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும். அதிலும் தீராவிட்டால் இன்டர்நெட் வழியாக நிறுவனத்தின் சர்வரிடம் கேட்கும், பதில் வரும்வரை சில நொடி கோப்பை நிறுத்தி வைக்கும்.

ரொம்பக் கறாராக இருந்தாலும் ஆபத்து. 2010 ஏப்ரலில் மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துப் போட்டது. உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் அணைந்து அணைந்து எழும்பின. நல்ல ஷீட்டைக் கழித்துப் போட்டால் வியாபாரம் என்ன ஆகும் என்று குலசேகரத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தத் தடவை நான் புதிதாக எதையும் இறக்கவில்லை. இருந்த இரண்டையும் கழற்றினேன். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர், வேறு ஆன்டிவைரஸ் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும், அது போனதும் தானே திரும்பி வரும். வந்தது. விண்டோஸ் 8 முதல் இது கூடவே இருக்கிறது, தனியாகக் காசு இல்லை, வாங்கு வாங்கு என்று சிவப்பில் மிரட்டுவதும் இல்லை. "ஓசியில கெடக்கிறது ஒழுங்கா வேலை செய்யுமா?" என்றான். நோட்பேடைத் திறந்து ஐகார் சோதனைக் கோப்பைத் தட்டினேன். ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்கவே உருவாக்கிய 68 எழுத்து வரி அது, ஒரு தீங்கும் செய்யாது. சேமித்தேன். மூலையில் எச்சரிக்கை எழும்பியது, கோப்பைக் காணோம். "கொள்ளாம்" என்றான். அவன் வாயில் அது பெரிய பாராட்டு.

தனியாக ஒரு இலவசத்தை ஏன் சொல்லவில்லை என்றால், இலவசமாகக் கொடுக்கிறவரும் எங்கேயாவது காசு பார்க்கத்தான் வேண்டும். பெரும்பாலும் விளம்பரத்தில் பார்ப்பார்கள். சில சமயம் அதைவிட மோசம். இலவச ஆன்டிவைரஸ் கொடுக்கிற அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்த இணையதளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2024-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதற்காக 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. இன்னொன்று, ஆன்டிவைரஸ் எவ்வளவு நல்லதானாலும் விண்டோஸில் ஓட்டை இருந்தால் பயன் குறைவு. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அனுப்பியிருந்தது. அப்டேட்டைத் தள்ளிப் போட்டவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடியும் என்று மைக்ரோசாஃப்ட் முன்பு அறிவித்த பிறகு, லேப்டாப்பை மாற்றச் சொல்லி நான் அவனை நச்சரித்தது தனிக் கதை.

அவனுக்கு உண்மையான வினை வந்தது பென் டிரைவில். கணக்கைப் பென் டிரைவில் போட்டு மார்த்தாண்டத்தில் ஆடிட்டரிடம் கொடுப்பான். வழியில் ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுப்பான். ஒரு நாள் திரும்பி வந்ததும் ஃபோல்டர்கள் எல்லாம் பார்க்க அப்படியே இருந்தன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு படத்தின் இடது கீழ் மூலையிலும் குட்டி அம்பு. வைரஸ் அசல் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைத்திருந்தது. அதை அமுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு அசல் ஃபோல்டரும் திறக்கும். கணக்கு சரியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கணக்கு எங்கும் போய்விடவில்லை. ஸ்கேன் செய்து வைரஸைத் துடைத்துவிட்டு, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னதும் எல்லாம் மங்கலாக எழும்பி வந்தன.

போன வாரம் கடையிலிருந்து கூப்பிட்டான். பின்னால் எடை போடுகிற சத்தம், யாரோ ஒட்டுப்பால் விலை கேட்கிற சத்தம். "எடே, மூலையில அம்பு கெடக்கு. இன்னும் அமுக்கல. என்ன செய்ய?"