அம்பறாத்தூணியும் ரசமட்டமும்

மிச்சிகனிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே அக்டோபர் 1ஆம் தேதி வில்வேட்டைப் பருவம் தொடங்குகிறது. வெள்ளைவால் மானுக்குப் போகிறாராம். வில்லிலேயே மாட்டிக்கொள்ளும் அம்புக்கூடு ஒன்று வாங்கப் பார்த்திருக்கிறார். "அதை மாட்டினால் அம்பு வலது பக்கம் போகும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். கார்பன் ஃபைபரில் வாங்கினால் போகாது என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி சார்?"

(இந்தியாவில் படிப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம். இயற்பியலுக்கு மட்டும் தடையில்லை.)

அம்புக்கூட்டுக்கு நம்மிடம் அழகான பழைய பெயர் இருக்கிறது: அம்பறாத்தூணி. அம்பு அறாத தூணி, அதாவது எடுக்க எடுக்கத் தீராதது. மிச்சிகன் நண்பர் வாங்கப் போவதில் ஐந்து அம்புதான் கொள்ளும். முதுகில் மாட்டும் தூணி படத்துக்கு நன்றாக இருக்கும். காட்டில் தோளுக்கு மேல் கையைத் தூக்கினால் மான் பார்த்துவிடும். இடுப்பில் மாட்டினால் புதரில் சிக்கும். வில்லில் மாட்டினால் அடுத்த அம்பு கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் அது அங்கே வந்தது.

வந்த இடத்தில் ஒரு சிக்கல். வலது கைக்காரரின் காம்பவுண்ட் வில்லில் (இரு முனையிலும் கப்பி வைத்த நவீன வில்) தூணி நடுத்தண்டின் வலது பக்கத்தில் உட்காரும். வில் 2 கிலோ, அம்புகளோடு சேர்த்துத் தூணி 450 கிராம், அதன் கனம் நடுவிலிருந்து 7 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், மொத்த எடையின் மையம் வலப்பக்கம் கிட்டத்தட்ட 1.3 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. ஒரு கையில் தண்ணீர் வாளி தூக்கினால் உடம்பு தானாக மறுபக்கம் சாயுமே, அதையே இங்கே மணிக்கட்டு செய்ய வேண்டும். வீட்டுக் கொல்லையில் பத்து அம்பு விடும்போது செய்துவிடும். மானுக்காக மரத்தின் மேல் ஏறி, குளிரில் மூன்று மணி நேரம் விறைத்து உட்கார்ந்த பிறகு செய்யாது. வில்லின் தலை வலப்பக்கம் லேசாகச் சாயும்.

சாய்ந்தால் என்ன, குறி பார்க்கும் முள் மானின் மேல்தானே இருக்கிறது? இந்தக் கேள்விக்குள்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒளிந்திருக்கிறது.

தோட்டத்தில் ஹோஸ் பைப்பால் தூரத்துச் செடிக்குத் தண்ணீர் விடும்போது பைப்பின் வாயைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பீர்கள். அம்பும் அப்படித்தான். வேகம் நொடிக்கு 90 மீட்டர் என்றால், 27 மீட்டர் போக 0.3 நொடி. அந்த 0.3 நொடியில் புவியீர்ப்பு அதை 44 செ.மீ. கீழே இழுத்துவிடுகிறது. எனவே 44 செ.மீ. விழும் என்று முன்கூட்டியே கணக்கு வைத்து, அம்பை அந்த அளவுக்கு மேல்நோக்கி விடும்படிதான் குறிமுள் அமைந்திருக்கிறது. 44 ஏற்றம், 44 இறக்கம், கணக்கு நேர்.

இப்போது வில்லை 3 டிகிரி சாயுங்கள். வில்லோடு சேர்ந்து அந்த ஏற்றமும் சாய்கிறது. ஆனால் இறக்கம் சாயாது! புவியீர்ப்புக்கு உங்கள் மணிக்கட்டைப் பற்றிக் கவலை கிடையாது, அது நேர்கீழேதான் இழுக்கும். சாய்ந்த ஏற்றத்தில் பக்கவாட்டில் போன பங்கை ஈடுகட்ட யாரும் இல்லை. 44 பெருக்கல் சைன் 3 டிகிரி: 2.3 செ.மீ. வலது பக்கம். 40 மீட்டரில் இறக்கம் 97 செ.மீ. ஆகிவிடுவதால் விலகலும் 5 செ.மீ. தாண்டும். தூரம் ஒன்றரை மடங்கானதும் தவறு இரண்டு மடங்குக்கு மேல் போனதைக் கவனியுங்கள். இறக்கம் நேரத்தின் வர்க்கத்தில் வளர்வதால் வந்த வினை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ½gt² இப்படி மரத்து மேல் வந்து உட்காரும் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் இன்னும் ஒழுங்காகப் படித்திருப்பேன்.

குறிமுள்ளின் கீழே குட்டியாக ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் திரவமும் ஒரு குமிழியும் இருக்கும். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் அதே ரசமட்டம். குமிழி நடுவில் நின்றால் வில் நேராக இருக்கிறது என்று அர்த்தம். எய்யும் முன் அதை ஒரு கண் பார்ப்பவருக்கு, தூணி எந்தப் பக்கம் தொங்கினாலும் சாய்வினால் தவறு வராது.

ஆக, நண்பர் சொன்னது பாதி சரி. கடைக்காரர் சொன்னது கால்வாசி. கார்பன் ஃபைபர் நூறு கிராம் குறைக்கலாம். ஆனால் அதே தூணி இன்னும் 3 செ.மீ. வெளியே தள்ளி நின்றால் குறைத்த லாபம் மொத்தமும் போய்விடும். விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் தூணி நடுத்தண்டை எவ்வளவு ஒட்டி உட்காருகிறது என்று பாருங்கள்.

அப்புறம் சத்தம். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும், அம்பைவிட நாலு மடங்கு வேகம். 27 மீட்டரில் நிற்கும் மானின் காதுக்கு நாண் சத்தம் 0.08 நொடியில் போய்விடும். அம்பு வர இன்னும் 0.2 நொடிக்கு மேல் இருக்கிறது. அதற்குள் மான் தாவுவதற்காகக் கால் மடக்கித் தாழ்ந்துவிடும், அம்பு முதுகுக்கு மேலே பறந்துவிடும். தூணியில் அம்புகள் கடகடவென்று ஆடினால் இந்த வம்பு இன்னும் பெருகும். எனவே கடையிலேயே ஐந்து அம்பையும் செருகி, விரல் முட்டியால் வில்லைத் தட்டிக் கேளுங்கள். அம்பைப் பிடிக்கும் ரப்பர் பற்களுக்கும் முனையை மூடும் தொப்பிக்கும் இடையே நல்ல தூரம் இருந்தால் வால்பக்கம் வெளியே நீளுவது குறையும். நீளுவது பாதியானால், அதே விசைக்கு அது வளைவது எட்டில் ஒரு பங்காகிவிடும். தொப்பி அம்பு முனையிலுள்ள பிளேடுகளை முழுசாக மூடுகிறதா என்றும் பாருங்கள். அது உங்கள் விரலுக்காக.

மரத்தில் ஏறியதும் தூணியைக் கழற்றிக் கிளையில் மாட்டுபவர்கள் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் பயிற்சியும் கழற்றியே செய்திருக்க வேண்டும்.

கடிதத்தோடு ஒரு படமும் வந்திருந்தது. ஆயுத பூஜைக்கு வில்லுக்குப் பொட்டு வைத்து, வலது பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார். பொட்டு கனக்காது, இருக்கட்டும். எலுமிச்சை 40 கிராமாவது இருக்கும், அம்பே 28 கிராம்தான். திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சார், இடது பக்கம் கட்டுங்கள்.