செல்ஃபி என்னும் தற்படம்

கையை நீட்டித் தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும் படம் செல்ஃபி. அடுத்தவர் எடுத்துக் கொடுத்தால் அது போட்டோ. திருநெல்வேலிப் பக்கம் 'வாலே, ஒரு செல்ஃபி எடுப்போம்' என்பதுதான் பேச்சு.

சொல் பிறந்தது ஆஸ்திரேலியாவில். எதையும் சுருக்கி, கடைசியில் 'இ' ஓசை சேர்த்துச் செல்லமாகச் சொல்வது அந்த ஊர்ப் பழக்கம். பார்பக்யூவைப் பார்பி என்பார்கள். 'செல்ஃப்' அப்படித்தான் செல்ஃபி ஆனது. கிடைத்திருக்கும் பழைய பதிவு 2002ஆம் ஆண்டுடையது. விழுந்து உதட்டில் அடிபட்ட ஓர் ஆஸ்திரேலியர் தன் படத்தை இணையத்தில் போட்டு, படம் தெளிவாக இல்லை, மன்னியுங்கள், இது செல்ஃபி என்று எழுதியிருந்தார். சரியாக விழாத ஒரு படத்துக்குச் சொன்ன சமாதானத்தில் வந்த சொல்! 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

செயல் இன்னும் பழையது. 1839இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராபர்ட் கார்னீலியஸ் கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்துத் தன்னையே எடுத்தார். அந்தப் படத்தில் அவர் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறார். எங்கே நின்றால் எங்கே விழுவோம் என்று பார்த்துக்கொள்ள அவருக்கு வழியில்லை.

நமக்குத் திரை இருக்கிறது. இருந்தும் தாமிரபரணிக் கரையில், குறுக்குத்துறை முருகன் கோயில் பின்னால் தெரிய ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் முகமே கோயிலை மறைத்துவிடும். கையை உயர்த்தினால், நாம் லென்ஸைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பதால் கண் தாழ்ந்து விழும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துப்போகும். திரும்பி நின்றால் வெளிச்சம் சரி, ஆனால் மூக்கு பெரிதாகத் தெரியும். கேமராவுக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது மூக்குதான், அதனால் வரும் கோளாறு. அப்புறம் வகிடு. திரை கண்ணாடிபோல இடம் வலம் மாற்றிக் காட்டும். பல போன்கள் சேமிக்கும்போது நேராக்கிவிடும், வகிடு மறுபக்கம் போய்விடும். 'இது நான் மாதிரியே இல்லையே' என்று தோன்றுவது அதனால்தான். போனைக் கல்மண்டபத் திண்ணையில் சாய்த்து, டைமர் வைத்து, நாலடி தள்ளி நின்றால் மூக்கும் கோயிலும் அதனதன் அளவில் வரும்.

தமிழில் சுயமி, தாமி, தம்படம், தற்படம் என்று பல சொற்கள் உலவுகின்றன. சுயமியில் சுயம் வடசொல். தாமி அழகான சிறிய சொல், ஆனால் படம் என்ற பொருள் அதில் எங்குமே இல்லை. கேட்பவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். மற்ற இரண்டும் தெளிவானவை. தான் ஒருமை, தாம் பன்மை. வேற்றுமை ஏற்கையில் தன், தம் எனக் குறுகும். நம் திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்தத் தற்சுட்டுப் பெயரைத் தனியே ஆராய்ந்திருக்கிறார். தன்னோடு காப்பு சேர்ந்தால் தற்காப்பு, பெருமை சேர்ந்தால் தற்பெருமை, படம் சேர்ந்தால் தற்படம்.

ஆகவே ஒருவர் தன்னை எடுத்தால் தற்படம். டைமரில் எடுத்தாலும் அதுவே பொருந்தும். கல்யாண வீட்டில் மதினி, கொழுந்தன், பிள்ளைகள் எல்லாரும் ஒரே கைக்குள் நெருக்கியடித்து நின்றால், பன்மைக்கு ஏற்ற தம்படம்.