மதிப்பாய்வாளரின் கைக்கு எட்டுவதும் எட்டாததும்

யாழ்ப்பாணக் கிணற்று நீரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானால், அது சக மதிப்பாய்வை, அதாவது வெளியிடுமுன் அதே துறையினர் செய்யும் பரிசீலனையைக் கடந்து வந்தது என்பதாலேயே பலர் அதனை முடிந்த முடிபாக ஏற்றுக்கொள்கின்றனர். நிலத்தடி நீர் பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து மதிப்பாய்வு செய்து வருவதால், அந்த நடைமுறை எதற்குப் பொறுப்பேற்கிறது என்பதை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என விரும்புகிறேன்.

ஆய்விதழுக்கு வந்து சேரும் கட்டுரைகளில் கணிசமானவற்றை இதழாசிரியரே திருப்பி அனுப்பிவிடுவார். எஞ்சியவை அத்துறை சார்ந்த இரண்டு மூன்று பேரிடம் செல்லும். பெரும்பாலும் இதற்கு ஊதியம் கிடையாது. நாங்கள் பரிந்துரைப்போம், முடிவெடுப்பவர் இதழாசிரியர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக் கிணறுகளைப் பற்றிய கட்டுரை என்றால், நான் நேரே ஆய்வுமுறைப் பகுதிக்குத்தான் செல்வேன். சுண்ணக்கல் நிலத்தில் மாரி மழை தோட்டத்துப் பசளையையும் மலசலகூடக் குழியின் கசிவையும் விரைவாகக் கீழே இறக்கிவிடும் என்பதால், ஆவணியில் அளந்த கிணறு மார்கழியில் வேறு பெறுமானத்தைக் காட்டலாம்; ஆகவே மாதிரி எடுத்த மாதம் குறிப்பிடப்படாத அட்டவணையை நான் ஏற்பதில்லை. அடுத்தது அலகு. அந்தப் பசளையிலிருந்தும் கசிவிலிருந்தும் நீரில் சேரும் நைத்திரேற்றுக்கு, குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆய்வுகூடம் நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் கணித்துத் தந்த 20 என்ற பெறுமானத்தை இந்த 50 உடன் ஒப்பிட்டால் கிணறு பாதுகாப்பானதாகத் தோன்றும். நைத்திரேற்றாக மாற்றினாலோ அது 88ஐத் தாண்டிவிடும். அந்த நீரில்தான் ஒரு தாய் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறாள் என்பதால், இந்த ஒரு வரியில் நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆயினும் ஆய்வுக்கான மாதிரி நீர்ப் போத்தல்கள் உண்மையிலேயே அந்தக் கிணறுகளில்தான் நிரப்பப்பட்டனவா என்பதை என்னால் அறிய முடியாது. 2020 மே மாதத்தில் லான்செற் மருத்துவ இதழ் வெளியிட்ட, கொவிட் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஐதரொக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரையும் மதிப்பாய்வைக் கடந்து வந்ததே. வெளியான பின் அதனை வாசித்த ஆய்வாளர்கள் எண்களில் ஐயம் எழுப்பினர். மூலத் தரவுகளைச் சுயாதீனமாகச் சரிபார்க்க வழியில்லாததால், இரண்டு வாரங்களுக்குள் அது மீளப்பெறப்பட்டது.

கட்டணத்தை வாங்கிக்கொண்டு மதிப்பாய்வே இல்லாமல் வெளியிடும் இதழ்களும் இருக்கின்றன. சில நாட்களில் ஏற்பதாக மின்னஞ்சலில் உறுதியளிக்கும் இதழுக்கு எமது இளம் ஆய்வாளர்கள் பணம் அனுப்புமுன், அதன் ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கேனும் நேரடியாக எழுதிக் கேட்க வேண்டும். ஆய்வொன்றைச் செய்தியாக்கும் ஊடகவியலாளர்கள், மூலத் தரவுகள் வெளியிடப்பட்டுள்ளனவா, வேறொரு குழுவும் அதே கிணறுகளை அளந்ததா என்ற இரண்டையும் விசாரித்து, கிடைத்த விடையைச் செய்தியிலேயே சேர்த்துவிடலாம்.