நட்சத்திர மீன்களை அகற்றிய கடல் உயிரியலாளர்

ஓதம் ஏறும்போது நீரில் மூழ்கி, இறங்கும்போது காற்றிலும் வெயிலிலும் காயும் பாறைக்கரையில் உயிர்கள் போட்டியிடுவது பெரும்பாலும் இடத்துக்காகவே. மட்டிகளும் கொட்டலசுகளும் பெரிய கடற்பாசிகளும் பாறையில் ஒட்டியே வாழ்கின்றன; ஒட்டிக்கொள்ள வெற்றுப் பாறை கிடைப்பதுதான் அரிது. அப்படியிருக்க, போட்டியில் வலிய ஓர் இனம் ஏன் பாறை முழுவதையும் தன்வசப்படுத்திக்கொள்வதில்லை? இக்கேள்விக்கு அமெரிக்கக் கடல் உயிரியலாளர் ராபர்ட் பெய்ன் (1933–2016) கண்ட விடை, சூழலியலாளர்கள் ஆய்வு செய்யும் முறையையே மாற்றியது.

பெய்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, அவருடைய நெறியாளர் ஃபிரெட் ஸ்மித்தும் சக அறிஞர் இருவரும் 1960இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். தாவர உண்ணிகளை வேட்டையாடிகள் கட்டுக்குள் வைத்திருப்பதால்தான் நிலம் பசுமையாக இருக்கிறது என்பது அதன் சாரம். இதைக் காட்டில் சோதிப்பது கடினம். புலிகளை அப்புறப்படுத்தி என்ன நேர்கிறதென்று பார்க்க எவராலும் இயலாது. பாறைக்கரையில் இயலும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்த பெய்ன், 1963 ஜூன் மாதம், அமெரிக்காவின் பசிபிக் கரையில் மக்கா பழங்குடியினரின் நிலத்தில் உள்ள மக்கா விரிகுடாவில் ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட பாறைப் பகுதியைத் தேர்ந்து, அதிலிருந்த பைசாஸ்டர் என்னும், மட்டிகளை வேட்டையாடும் நட்சத்திர மீன்களை எல்லாம் பெயர்த்தெடுத்துக் கடலில் வீசினார். திரும்பி வந்தவற்றையும் தொடர்ந்து அகற்றினார். பக்கத்துப் பகுதியை ஒப்பீட்டுக்காகத் தொடாமல் விட்டார்.

நடந்ததைப் புரிந்துகொள்ள, கலிபோர்னியா மட்டி என்னும் இனத்தின் வாழ்விடத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கரையில் இது கரையின் மேற்பகுதியில் அடர்ந்த பட்டையாகப் படர்ந்திருக்கிறது. அப்பட்டையின் கீழ் விளிம்பு கோடு கிழித்தாற்போல் முடிகிறது. அதற்குக் கீழே மட்டியால் வாழ முடியாது என்பதில்லை, வாழவிடுவதில்லை என்பதே உண்மை. நட்சத்திர மீன் தன் குழாய்க்கால்களால் மட்டியின் ஓடுகளைச் சிறிதளவு பிரித்து, அந்த இடுக்கு வழியே தன் இரைப்பையையே உள்ளே செலுத்தி, சதையை ஓட்டுக்குள்ளேயே செரித்துவிடுகிறது. ஆனால் நீரில்லாத இடத்தில் நெடுநேரம் தங்க அதனால் இயலாததால், கரையின் மேற்பகுதி மட்டிகளுக்குப் புகலிடமாகிறது. வேட்டையாடி நீங்கியதும் மட்டிப்பட்டை கீழ்நோக்கி இறங்கியது. கொட்டலசுகளும் கடற்பாசிகளும், அவற்றை நம்பி வாழ்ந்த கைட்டன் போன்ற மேய்வனவும் இடமிழந்தன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மட்டுமே எஞ்சின என்று 1966இல் அவர் எழுதினார். மற்ற உயிர்களைக் கொன்று தின்னும் ஒரு விலங்குதான் அங்கே பல உயிர்கள் வாழ இடம் திறந்து வைத்திருந்தது. இதைவிட வியப்பூட்டும் முடிவு அக்காலச் சூழலியலில் அரிது என்றே கருதுகிறேன். பின்னாளில் அவர் இன்னொன்றையும் காட்டினார்: மட்டி ஓரளவுக்கு மேல் பெரிதாகிவிட்டால் நட்சத்திர மீனால் அதைத் தின்ன முடியாது, ஆகவே வேட்டையாடி திரும்பி வந்தாலும் பழைய நிலை உடனே மீள்வதில்லை.

வளைவின் உச்சியில் நின்று மற்றக் கற்களைச் சரியாமல் தாங்கும் கீஸ்டோன் என்னும் கல்லின் பெயரை, 1969இல் இத்தகைய உயிரினத்துக்கு பெய்ன் சூட்டினார். இக்கருத்து வெகுதூரம் பரவ ஒரு சந்திப்பு காரணமாயிற்று. 1971இல் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் ஒன்றான ஆம்சிட்காவில், கடல் நீர்நாய்களை ஆராய்ந்த இளம் ஆய்வாளர் ஜேம்ஸ் எஸ்டெஸை அவர் சந்தித்தார். நீர்நாயைக் கடற்பாசிக் காடு எப்படித் தாங்குகிறது என்று தேடுவதை விட்டு, அக்காட்டை நீர்நாய் என்ன செய்கிறது என்று பாருங்கள் என்பதே அவர் தந்த யோசனை. எஸ்டெஸ் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நீர்நாய்கள் அழிந்துபோயிருந்த தீவுகளில், அவற்றின் இரையான கடல் முள்ளெலிகள் (உடலெங்கும் முட்கள் கொண்ட உருண்டையான கடலுயிர்கள்) பெருகி, கெல்ப் என்னும் பெரும்பாசியை மேய்ந்து தீர்த்திருந்தன. நீர்நாய் இருந்த தீவுகளில் பாசிக்காடு செழித்திருந்தது. 1974இல் வெளியான அம்முடிவு, கேள்வியைத் திருப்பிப் போட்டதன் பலன்.

பெயர் புகழ்பெற்றதும் அதைப் பலரும் பல உயிர்களுக்குச் சூட்டியதால் பொருள் தளர்ந்தது. தன் எண்ணிக்கைக்கு அல்லது எடைக்கு விகிதம் மீறிய தாக்கத்தை உண்டாக்கும் இனமே கீஸ்டோன் என்று, 1996இல் பெய்னும் இணைந்து எழுதிய கட்டுரை வரையறுத்தது. ஒரேயிடத்தில் மிகுதியாக இருப்பதால் மட்டும் முக்கியமான மரமோ பவளமோ இவ்வரையறைக்குள் வராது. பெய்னின் மாணவரான புரூஸ் மெஞ்ச், ஓரிகன் கரையில் அதே நட்சத்திர மீனை ஆராய்ந்து, அலை ஓங்கி அடிக்கும் முனைகளில் அதன் பிடி வலுவாகவும், ஒதுக்கமான இடங்களில் மெலிந்தும் இருப்பதை 1994இல் காட்டினார். ஆகவே கீஸ்டோன் என்பது ஓர் இனத்தின் நிலையான குணமன்று, இடத்தையும் சூழலையும் பொறுத்து அமையும் உறவு. ஆசானின் கருத்தை அவருடைய முறையாலேயே அளந்து, அதன் எல்லையை மாணவரே வரைந்தது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

2013 முதல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் நட்சத்திர மீன்களை உருக்குலைத்துக் கொல்லும் நோய் பரவியபோது, பெய்ன் தன் கைகளால் ஒரு துண்டுப் பாறையில் செய்ததை இயற்கை ஒரு நெடுங்கரை முழுவதும் செய்யத் தொடங்கியது. மட்டிப்பட்டை எங்கெல்லாம் கீழிறங்குகிறது, எங்கெல்லாம் இறங்கவில்லை என்று அளப்பவர்களிடம், எதனோடு ஒப்பிடுவது என்பதற்கு ஐம்பது ஆண்டுப் பதிவுகள் தயாராக இருந்தன.