ஊசிக்கு 2 நிமிடம் முன்பு

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைக்கு நாள் முழுக்க ஏதாவது ஒரு வேதனை வந்துகொண்டே இருக்கும். குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், டிரிப் ஊசியை இடம் மாற்றுவார்கள், மூச்சுக்குழாயில் சளி உறிஞ்சுவார்கள், காகிதம் போன்ற தோலிலிருந்து பிளாஸ்திரியை உரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மார்ஃபின் என்ற வலுவான வலிமருந்தைப் போட முடியாது. மூச்சு குறையும், குடல் மந்தமாகும், ரத்த அழுத்தம் இறங்கும். பாராசிட்டமாலோ குதிகால் குத்துக்கு எடுபடுவதில்லை. இந்த இடத்தில்தான் வலியைக் குறைக்கும் மருந்தில்லா வழிகள் வருகின்றன. இவற்றை 'அன்பான கவனிப்பு' என்று ஒரு மூலையில் வைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. மருந்தைப் போலவே இவற்றுக்கும் அளவு உண்டு, கொடுக்கும் நேரம் உண்டு, பலன் தீரும் நேரமும் உண்டு.

1980களின் நடுப்பகுதி வரை, பச்சிளம் குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்று நம்பிய மருத்துவர்கள் ஏராளம். தசையைத் தளர்த்தும் மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கொஞ்சமும் மட்டும் கொடுத்து அறுவை சிகிச்சை செய்ததும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் கே.ஜே.எஸ். ஆனந்தும் சகாக்களும் 1987இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. இதயத்தருகே ரத்தக்குழாயைக் கட்டும் அறுவையின்போது ஃபென்டனில் என்ற வலிமருந்தும் சேர்த்துப் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு, உடல் நெருக்கடியில் சுரக்கும் அழுத்த ஹார்மோன்கள் குறைவாகவே ஏறின, பின்னால் வந்த சிக்கல்களும் குறைந்தன. வலியை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்புப் பாதை பிறக்கும் முன்பே இயங்கத் தொடங்கிவிடுகிறது. மூளையிலிருந்து கீழே வந்து அந்த வலியை அடக்கும் பாதைதான் முதிர நாளாகிறது. அதனால் இந்தக் குழந்தைகளுக்கு வலி கூடுதலாகவே இருக்கக்கூடும்.

சர்க்கரைக் கரைசலிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் பயன்படுவது 24 சதவீதக் கரைசல், அதாவது 100 மில்லிலிட்டரில் 24 கிராம் சர்க்கரை. மிகச் சிறிய குறைமாதக் குழந்தைக்கு 0.1 மில்லிலிட்டரே போதும், நிறைமாதக் குழந்தைக்கு 1 முதல் 2 மில்லிலிட்டர் வரை. ஊசி இல்லாத சிரிஞ்சால் நாக்கின் முன்பகுதியில் சொட்டு சொட்டாக விட வேண்டும். வேலை செய்வது வயிற்றுக்குப் போகும் சர்க்கரை அல்ல, நாக்கில் படும் இனிப்பு. அந்தச் சுவை உடலுக்குள்ளேயே சுரக்கும் ஓபியாய்டுகள் என்ற வலியடக்கும் பொருள்களைத் தூண்டுகிறது என்று கருதப்படுகிறது. உணவுக்குழாய் வழியாக நேரே வயிற்றில் செலுத்தினால் பலனில்லை. சுவை பட்டு 2 நிமிடம் கழித்தே உச்சப் பலன் வரும், சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். வார்டில் நடப்பது என்னவென்றால், சொட்டு விட்ட கையோடு குத்திவிடுகிறார்கள். அல்லது ரத்தம் வராமல் மறுபடி மறுபடி முயன்று 10 நிமிடம் ஓடிவிடுகிறது. இரண்டிலும் சர்க்கரை வீண். சப்புவதற்கு சூப்பானும் சேர்ந்தால் பலன் கூடும்.

இனிப்புதானே என்று தேன் தொட்டு வைக்கக் கூடாது. அதில் பாட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம் என்பதால் 1 வயது வரை தேன் ஆகாது.

சர்க்கரைக்கு ஒரு எல்லையும் உண்டு. 2010இல் லண்டனில் ரெபெக்கா ஸ்லேட்டர் குழுவினர் குதிகால் குத்தும்போது மூளை அலைகளைப் பதிந்தார்கள். சர்க்கரை பெற்ற குழந்தைகள் முகம் சுளிப்பது குறைந்தது, ஆனால் மூளையில் வலிக்குரிய அலை குறையவில்லை. முகம் அமைதியாக இருக்கிறது என்பதற்காக வலியே இல்லை என்று எழுதிவிட முடியாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. நெஞ்சில் குழாய் போடுவது போன்றவற்றுக்குச் சர்க்கரையை நம்பவே கூடாது, அங்கே முறையான வலிமருந்துதான். பால் குடிக்க முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலே நல்ல வழி. ஆனால் வாய் நன்றாகப் பற்றி, சீராகச் சப்பத் தொடங்கிய பிறகே குத்த வேண்டும்.

குத்தும் முறையும் முக்கியம். குதிகாலின் பின்வளைவைத் தவிர்த்து, அடிப்பாகத்தின் இரு ஓரங்களில், தானாக உள்ளிழுத்துக்கொள்ளும் லான்செட் என்ற சிறு குத்தூசியால் குத்த வேண்டும். குழந்தை அதிகம் துடிப்பது குத்தும் நொடியைவிட, ரத்தத்துக்காகக் குதிகாலைப் பிழியும்போதுதான். நிறைய ரத்தம் தேவையென்றால், கை பழகிய ஒருவர் ஊசியால் ரத்தக்குழாயிலிருந்து நேரே எடுப்பது நிறைமாதக் குழந்தைக்குக் குறைவாகவே வலிக்கும்.

இன்னொரு வழி மடக்கிப் பிடிப்பது. ஒரு உள்ளங்கை தலையில், மற்றொன்று மடங்கிய கால்களில், குழந்தையின் கைகள் வாயருகே. கை சூடாக இருக்க வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும். லேசாகத் தடவிக்கொடுப்பது குறைமாதக் குழந்தைக்கு எரிச்சலையே தரும். குத்தி முடித்ததும் கையை எடுத்துவிடாமல், மூச்சும் நாடியும் பழைய நிலைக்கு வரும்வரை பிடித்திருக்க வேண்டும். குத்துபவரே பிடிக்கவும் முடியாது. இரண்டாவது ஆள் வேண்டும், ஆள் இல்லை என்ற காரணத்தாலேயே இது பெரும்பாலும் விடுபடுகிறது. வாசலில் காத்திருக்கும் அம்மாவை உள்ளே அழைத்தால் அந்த ஆள் கிடைத்துவிடுவார்.

கொலம்பியாவின் போகோட்டாவில் 1970களின் இறுதியில், இன்குபேட்டர் போதாத நிலையில், எட்கர் ரே தொடங்கிவைத்த கங்காரு பராமரிப்பு வலிக்கும் உதவுகிறது. குத்துவதற்குக் குறைந்தது 15 நிமிடம் முன்பே குழந்தை அம்மாவின் வெறும் மார்பில் இருக்க வேண்டும். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையையும் இப்படி வைக்கலாம். தேவைப்பட்டால் முன்னதாகச் சளி எடுத்துவிட்டு, மூச்சுக்குழாய்க்குள் போட்ட குழாய் எத்தனை சென்டிமீட்டரில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, வென்டிலேட்டர் குழாய்களை அம்மாவின் தோளருகே உடையில் ஒட்டிவைப்பார்கள். தூக்கி மாற்றுவதே குழந்தைக்கு ஒரு சிரமம். அதனால் 1 மணி நேரமாவது இருக்க முடியாதென்றால் தொடங்காமல் இருப்பதே மேல்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவது பயத்தையே வளர்க்கும். உட்காரவைத்து, அப்பாவின் மார்போடு அணைத்து, ஒரு கையை மட்டும் வெளியே நீட்டவைத்தால் பிள்ளை குறைவாகவே திமிறும். ஊசி போடும் இடத்துக்குச் சற்று மேலே குளிர்ச்சியோ அதிர்வோ கொடுப்பதும் பலன் தரும். தொடு உணர்வு வலியின் சமிக்ஞையை முதுகுத்தண்டிலேயே மட்டுப்படுத்துகிறது என்று மெல்சாக்கும் வாலும் 1965இல் முன்வைத்த கதவுக் கோட்பாடு இதற்கான விளக்கம். 'ஒண்ணும் ஆகாதுடா கண்ணா' என்று திரும்பத் திரும்பச் சொல்வது பதற்றத்தைக் கூட்டவே செய்கிறது. கதை கேட்பது, சோப்புக் குமிழி ஊதவைப்பது இவை மேல்.

ஒரு எச்சரிக்கை. வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளை திடீரென்று துள்ளினால், அமைதிப்படுத்தப் பாட்டுப் போட ஓடக் கூடாது. குழாய் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியதா, இயந்திரத்தில் கோளாறா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன்பின் நிறைந்த மூத்திரப்பை, காய்ந்த உதடு, முதுகுக்கடியில் சிக்கிய ஊசி மூடி. தசை தளர்த்தும் மருந்தில் இருக்கும் பிள்ளையிடம் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. நாடித்துடிப்பு, கண்ணீர், விரியும் கண்மணி இவைதான் சொல்லும்.

இரவுதான் மிகவும் கவனிக்கப்படாதது. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். டெசிபல் மடக்கைக் கணக்கு, 10 கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்கு. இன்குபேட்டர் மேல் பாட்டிலை வைக்கும் 'டொக்' உள்ளே பெரிதாகவே கேட்கும். தூக்கம் துண்டுதுண்டாவதும், மிடசோலம் போன்ற தூங்கவைக்கும் மருந்துகளும் சேர்ந்து டெலிரியம் என்ற மனக்குழப்பம் வர வழி செய்யும். கத்தி, டியூபைப் பிடுங்கும் பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். கூரையை வெறித்துப் பேசாமல் கிடக்கும் பிள்ளையை 'சமர்த்து' என்று விட்டுவிடுவார்கள், அதுவும் டெலிரியமாக இருக்கலாம். இதற்கென 8 கேள்விகள் கொண்ட மதிப்பெண் முறை இருக்கிறது, 9 அல்லது அதற்கு மேல் வந்தால் சந்தேகிக்க வேண்டும். பகலில் திரையை விலக்கி வெளிச்சம், இரவில் விளக்கைக் குறைத்து, அவசரமில்லாத குளியலையும் எடை பார்ப்பதையும் விடிந்தபின் வைத்துக்கொள்வது. கண்ணாடி போடும் பிள்ளைக்கு அதை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வது. காது கேட்கும் கருவி இருந்தால், பேட்டரியும் சேர்த்து.