லூட் விழுவதற்கு முன்பே விழுந்துவிடும் எதிர்பார்ப்பு

ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும்) விளையாட்டுகளில் பாஸ் எனப்படும் பெரிய எதிரியை வீழ்த்தியதும் கிடைக்கும் வாள், கவசம், மோதிரம் முதலியவற்றை விளையாடுபவர்கள் லூட் என்கிறார்கள். அந்த நேரத்தில் சர்வர் செய்யும் வேலை மிகச் சிறியது. ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு லூட் பட்டியல் உண்டு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது அதில் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். சர்வர் ஒரு ரேண்டம் எண்ணை எடுத்து, அது எந்தப் பொருளின் எல்லைக்குள் விழுகிறதோ அந்தப் பொருளைக் கொடுக்கிறது. பல விளையாட்டுகளில் பட்டியலுக்குள் பட்டியல் இருக்கும்: விழுவது அரிய வகையா என்பதை முதல் எண்ணும், அந்த வகைக்குள் எந்தப் பொருள் என்பதை இரண்டாவது எண்ணும், அதன் வலிமை எவ்வளவு என்பதை அடுத்தடுத்த எண்களும் தீர்மானிக்கும். கணினிக்கு இது கண் சிமிட்டும் நேரம்கூடப் பிடிக்காத வேலை. ஆனால் திரைக்கு முன்னால் இருப்பவர் அந்த முடிவை வெறும் எண்ணாக ஏற்பதில்லை. கிடைக்கும் என்று தான் நினைத்திருந்ததோடு அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மகிழ்கிறார் அல்லது மனம் நோகிறார். கடந்த கால் நூற்றாண்டில் லூட் அமைப்புகள் அடைந்த மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒப்பீட்டைச் சமாளிக்கச் செய்யப்பட்டவை என்றே நான் கருதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பொருள் விழும் வாய்ப்பு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இதைக் கேட்டதும் நம்மில் பலர் மனத்துக்குள் போடும் கணக்கு, நூறு முறை முயன்றால் கிடைத்துவிடும் என்பதே. உண்மையில் நூறு முறை முயன்றவர்களில் ஏறக்குறைய 37 சதவீதம் பேருக்கு அந்தப் பொருள் ஒருமுறைகூட விழுந்திருக்காது. ஒவ்வொரு முயற்சியிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99, அதை நூறு முறை பெருக்கினால் 0.366 வருகிறது. பாதிப் பேருக்கு 69ஆவது முயற்சிக்குள்ளேயே கிடைத்துவிடும். அவர்கள் அதைத் தமது உழைப்புக்கு உரிய பலன் என்று எடுத்துக்கொள்வார்கள். பெரிய அதிர்ஷ்டம் என்று நினைக்க மாட்டார்கள். மறுமுனையில், 300 முயற்சிக்குப் பிறகும் வெறுங்கையோடு நிற்பவர்கள் கிட்டத்தட்ட 5 சதவீதம். 459 முயற்சிக்குப் பிறகும் 1 சதவீதம் பேர் காத்திருப்பார்கள். ஒரு லட்சம் பேர் ஆடும் விளையாட்டில் அந்த 1 சதவீதம் என்பது ஏறத்தாழ ஆயிரம் மனிதர்கள். அந்த பாஸை வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எதிர்கொள்ள முடியும் என்பது விதியானால், 459 முயற்சி என்பது எட்டரை ஆண்டுக்கும் மேல். இத்தனைக்கும் விளையாட்டின் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ரேண்டம் எண் சொன்னபடியே நடந்திருக்கிறது. முந்தைய முயற்சிகளைச் சர்வர் நினைவில் வைத்திருப்பதில்லை, மனிதர் வைத்திருக்கிறார் என்பதே சிக்கலின் வேர்.

இத்தகைய விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகளை மேற்கோள் காட்டுவது வழக்கம். எத்தனை முறை கொத்தினால் தீனி வரும் என்று தெரியாத புறா, சீராகத் தீனி பெறும் புறாவைக் காட்டிலும் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பது அவர் காட்டிய உண்மை. லூட்டுக்காக ஒரே பாஸை மீண்டும் மீண்டும் அடிப்பவரின் விடாப்பிடியை இது ஓரளவு விளக்குகிறது. ஆனால் ஒரே பொருளைப் பெற்ற இருவரில் ஒருவர் துள்ளிக் குதிப்பதும் மற்றவர் ஏமாந்துபோவதும் ஏன் என்பதை இது விளக்குவதில்லை. அதற்கு நரம்பியலின் பக்கம் போக வேண்டும்.

வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் ஆகிய மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு அடித்தளமானது. குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்திருந்தார்கள். எதிர்பாராமல் சாறு வந்தபோது அந்த அணுக்கள் வேகமாகத் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஓர் அடையாளத்தைக் காட்டிப் பழக்கிய பிறகு, துடிப்பு அந்த அடையாளத்துக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது அணுக்கள் சலனமே காட்டவில்லை. அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டபோதோ, சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அவற்றின் துடிப்பு இயல்பு அளவுக்கும் கீழே போனது. அதாவது இந்த அணுக்கள் அளப்பது பரிசின் அளவை அல்ல, எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாட்டை. இதைக் கணிப்புப் பிழை என்கிறார்கள்.

2000ஆம் ஆண்டு வெளிவந்த டயாப்லோ 2 விளையாட்டில் இந்தக் கணிப்புப் பிழை படிப்படியாக அரங்கேறுவதை நெருங்கிப் பார்க்கலாம். அரக்கன் சாய்கிறான், தரையில் 'மோதிரம்' என்ற சொல் பொன்னிறத்தில் தெரிகிறது. பொன்னிறம் என்றால் அது யூனிக் எனப்படும் அரிய வகை மோதிரம். பொருள் இன்னதென்று தெரிவதற்கு முன்பே, எழுத்தின் நிறத்தைக் கண்டவுடனேயே நெஞ்சு படபடக்கிறது, ஏனெனில் பழகிய கண்ணுக்கு அந்த நிறமே அடையாளம். ஆனால் மோதிரம் இன்னும் அடையாளம் காணப்படாத நிலையில் இருக்கிறது. அதற்குரிய சுருளைப் பயன்படுத்தினால்தான் பெயர் தெரியும். ஸ்டோன் ஆஃப் ஜோர்டன் என்று வந்தால் அது விளையாடுபவர்களிடையே நாணயம்போலவே கைமாறும் அளவுக்கு மதிப்புடையது. நாகெல்ரிங் என்று வந்தால், அதுவும் யூனிக்தான், ஆனால் அடிக்கடி கிடைப்பது. சாதாரண அரக்கனிடம் ஒன்றுமே விழாதபோது வராத வருத்தம், நாகெல்ரிங் விழும்போது வருகிறது. பொன்னிற எழுத்து எதிர்பார்ப்பை உயர்த்திவிட்டதால், ஒன்றுமில்லாததைவிட ஏதோ ஒன்று கிடைத்தது கசக்கிறது. இந்தச் சிறு இடைவெளியை, அதாவது பொருள் விழுவதற்கும் அதன் பெயர் தெரிவதற்கும் நடுவிலுள்ள சில விநாடிகளை, விளையாட்டை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம்பிக்கை முழுவதும் குடியிருப்பது அங்கேதான்.

எதிர்பார்ப்பு அவரவர் அனுபவத்திலிருந்து மட்டும் உருவாவதில்லை, பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைத்ததும் அதை உருவாக்குகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004இல் வந்தபோது, அதன் முதல் பெரிய ரெய்டுகளில் (பலர் கூட்டாகச் சென்று பாஸ்களை எதிர்கொள்ளும் களங்களில்) ஒன்றான மோல்ட்டன் கோருக்குள் 40 பேர் சேர்ந்து போவார்கள். ஒரு பாஸ் விழுந்தால் கிடைப்பதோ ஒருசில பொருள்கள். மீதமுள்ள முப்பத்துச் சொச்சம் பேர் அடுத்த வாரமும் வர வேண்டுமானால், பங்கீடு நியாயமானது என்று அவர்கள் நம்ப வேண்டும். இந்தத் தேவைக்கு விடையாக, 1999இல் வெளிவந்த எவர்க்வெஸ்ட் விளையாட்டின் காலத்திலேயே கில்டுகள் எனப்படும் விளையாடுபவர் குழுக்கள் டி.கே.பி. என்ற புள்ளிமுறையைத் தாமே உருவாக்கியிருந்தன: ரெய்டுக்கு வந்தவருக்கெல்லாம் புள்ளி சேரும், பொருளை விரும்புபவர் புள்ளியைச் செலவழித்து அதை எடுத்துக்கொள்வார். விளையாட்டின் நிரலில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. கையால் கணக்கு எழுதி நடத்தினார்கள். பொருள் கிடைக்காத இரவிலும் கணக்கில் ஏதோ ஏறியிருக்கிறது என்ற உறுதியை இது கொடுத்தது. ரேண்டம் எண்ணின் கொடுமையை மனிதர்களே தணித்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

பின்னர் நிறுவனங்களும் இதில் கைவைத்தன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே லூட் விழும் முறை 2012இல் வந்தது, 2018இல் கட்டாயமானது. சண்டை குறைந்தது, ஆனால் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் உரிமை போய்விட்டதே என்று கில்டுகள் வருந்தின. 2022இல் ரெய்டுகளுக்குக் குழு லூட், அதாவது குழுவுக்குப் பொதுவாக விழும் முறை, திரும்பி வந்தது.

அதே விளையாட்டின் சோதனைக் கட்டத்தில் நடந்த இன்னொன்று, லூட்டைப் பற்றியது அல்ல என்றாலும், எதிர்பார்ப்பின் வலிமையைத் தெளிவாகக் காட்டுகிறது. நீண்ட நேரம் தொடர்ந்து விளையாடுபவர்களுக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் குறையும்படி முதலில் வைத்திருந்தார்கள். கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு குறைக்கப்பட்ட அளவையே இயல்பான அளவு என்று அழைத்து, ஓய்வெடுத்து வருபவருக்கு ஊக்கப் புள்ளி என்று பெயரை மாற்றினார்கள். எண்கள் ஏறத்தாழ அப்படியேதான் இருந்தன, எதிர்ப்பு அடங்கிவிட்டது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கியபடி, நாம் எதையும் ஒரு நிலைப்புள்ளியிலிருந்தே லாபமாகவோ நட்டமாகவோ பார்க்கிறோம். நட்டம் அதே அளவு லாபத்தைக் காட்டிலும் பெரிதாக உறைக்கிறது.

தூய ரேண்டம் எண் மனிதருக்கு ஒத்துவரவில்லை என்றால் அதைச் சற்றே வளைக்கலாம். வார்கிராஃப்ட் 3, டோட்டா 2 ஆகியவற்றில் சில தாக்குதல் திறன்களுக்குப் பயன்படும் போலி ரேண்டம் பகிர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திரையில் 25 சதவீத வாய்ப்பு என்று போட்டிருந்தாலும், முதல் முயற்சியின் உண்மையான வாய்ப்பு ஏறத்தாழ 8.5 சதவீதம்தான். தவறினால் அடுத்தது 17 சதவீதம், அதற்கடுத்தது 25 சதவீதத்தைச் சற்றே தாண்டும், இப்படி ஒவ்வொரு தவறலுக்கும் 8.5 கூடிக்கொண்டே போகும். வெற்றி கிடைத்தவுடன் மீண்டும் 8.5க்குத் திரும்பிவிடும். நீண்ட கால சராசரி 25 சதவீதமே வரும். ஆனால் பன்னிரண்டாவது முயற்சியில் வாய்ப்பு நூறைத் தாண்டிவிடுவதால், தொடர்ந்து பன்னிரண்டு தோல்வி என்பது நடக்கவே நடக்காது. தூய ரேண்டத்தில் அது நூற்றுக்கு மூன்று பேருக்கு நேரும். இரண்டு வெற்றி அடுத்தடுத்து வருவதும் அரிதாகிவிடுகிறது. இதே சிந்தனைதான் லூட்டில் 'பிட்டி' என்ற பெயரில் வழங்குகிறது: பல முறை ஏமாந்தவருக்கு வாய்ப்பைக் கூட்டுவது, அல்லது ஓர் எல்லைக்குப் பிறகு கட்டாயம் கொடுத்துவிடுவது.

ஆனால் எப்போது கிடைக்கும் என்பதை மட்டும் சரிசெய்தால் போதாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் லீஜன் என்ற விரிவாக்கப் பகுதியில் 2016இல் லெஜண்டரி எனப்படும் மிக அரிய பொருள்களுக்கு இப்படியொரு பாதுகாப்பு இருந்தது. எந்த லெஜண்டரி விழும் என்பதை யாரும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. சில தாக்கும் வலிமையைப் பெரிதும் கூட்டின, சில அவ்வளவு பயன்படவில்லை. பல வாரம் காத்திருந்து பயன் குறைந்ததைப் பெற்றவர், அடுத்த லெஜண்டரிக்கான நீண்ட காத்திருப்பும் அந்தக் கணமே தொடங்கிவிட்டதை உணர்ந்தார். பரிசு விழுந்த நொடியே தண்டனையாகவும் இருந்தது.

எதிர்பார்ப்பைக் குலைக்க இன்னொரு வழி, எல்லாவற்றுக்கும் விலைப் பட்டியல் வைத்துவிடுவது. டயாப்லோ 3 விளையாட்டு 2012இல் ஏல மண்டபத்தோடு வந்தது; அதன் ஒரு பிரிவில் உண்மையான பணத்துக்கே பொருள்களை வாங்கலாம். தன் கையில் விழுந்த வாள் நேற்றைய வாளைவிட மேலானதா என்பதற்குப் பதிலாக, உலகம் முழுவதும் விற்பனைக்கு இருக்கும் வாள்களில் சிறந்ததைவிட மேலானதா என்பதே கேள்வியானது. அந்தக் கேள்விக்குப் பதில் அநேகமாக எப்போதும் 'இல்லை'. அரக்கர்களை வீழ்த்தி நல்ல லூட் பெறுவது என்ற அடிப்படையையே இது குலைக்கிறது என்று அதை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனமே அறிவித்து, 2014 மார்ச் 18 அன்று ஏல மண்டபத்தை மூடியது. அதற்கு முந்தைய மாதமே லூட் முறையைத் திருத்தி, விழும் பொருள்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அவற்றில் பெரும்பாலானவை விளையாடுபவரின் பாத்திரத்துக்குப் பொருந்துமாறு செய்திருந்தார்கள்.

நேரத்தைக் கொடுத்துப் பெறும் லூட் ஒருபுறம் இருக்க, பணத்தைக் கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் வந்தபோது எதிர்பார்ப்பு வெறும் உணர்வாக இருப்பது நின்று, சட்டத்தின் கவலையானது. சீனா 2017 மே மாதம் முதல் வாய்ப்பு விகிதங்களை வெளியிடச் சொன்னது. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டு தன் ஐந்து நட்சத்திரப் பரிசுக்கு 0.6 சதவீத வாய்ப்பு, அதிகபட்சம் 90 முயற்சிக்குள் உறுதி, உறுதியையும் சேர்த்து சராசரி 1.6 சதவீதம் என்று அறிவிக்கிறது. இந்த மூன்று எண்களில் பயனுள்ளது 90 என்பதே என்பேன். 0.6 சதவீதத்தை மட்டும் நம்பி 90 முறை முயன்றால், பத்தில் ஆறு பேருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அதை மனத்தால் கணக்கிட யாராலும் முடியாது. 90 என்ற எல்லையையோ எவரும் புரிந்துகொள்ளலாம், அதைத் தன் பணப்பையோடு ஒப்பிட்டு வேண்டாம் என்று விலகவும் செய்யலாம்.

வெளியிடப்படும் எண் பொய்யானால் இவை எதுவும் உதவாது. தென் கொரியாவின் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில், பொருள்களின் திறனை மாற்றும் 'கியூப்' என்ற கட்டணப் பொருளில், பலரும் விரும்பிய திறன்களுக்கான வாய்ப்பை அறிவிக்காமல் குறைத்ததாகவும், சில உயர்ந்த சேர்க்கைகள் அறவே வராதபடி பல ஆண்டு வைத்திருந்ததாகவும் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் முடிவு செய்து, 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. வாய்ப்பு 1 சதவீதமாக இருந்தால் 459 முறை முயன்றவரில் நூற்றுக்கு ஒருவர்தான் வெறுங்கையோடு நிற்பார். சுழியமாக இருந்தால் எத்தனை ஆயிரம் முறை முயன்றாலும் அனைவரும் அப்படியே நிற்பார்கள், தமக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று தம்மையே நொந்துகொண்டு. திரைக்கு முன்னால் இருப்பவருக்கு இந்த இரண்டு நிலையையும் வேறுபடுத்திப் பார்க்க வழியே கிடையாது. 2024 மார்ச் 22 முதல் தென் கொரியாவில் கட்டண ரேண்டம் பொருள்களின் வாய்ப்பு விகிதங்களை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம்.