குடிப்பவரைக் கேட்கிறோம், உடன் வாழ்பவரை யார் கேட்பது?

குடியை நிறுத்தச் சிகிச்சை கேட்டு மனநலப் பிரிவுக்கு வரும் ஆண்களில் பெரும்பாலோரை அழைத்து வருவது ஒரு பெண்தான். மனைவி, இல்லாவிட்டால் அம்மா. எவ்வளவு குடிக்கிறீர்கள், காலையில் கை நடுங்குகிறதா, சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று எல்லாக் கேள்வியும் குடிப்பவரிடம் போகும். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம், "மாத்திரையை வேளாவேளைக்குக் கொடுங்கள் அம்மா" என்பதோடு முடிந்துவிடுகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். ஆண்கள் 1,22,724, பெண்கள் 48,172. போதைப் பழக்கம் காரணம் என்று பதிவானவை 6.8 சதவீதம், குடும்பப் பிரச்சினை என்று பதிவானவை 31.7 சதவீதம். இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லத்தரசிகள். கணவனின் குடியால் அடியும் கடனும் அவமானமும் பட்டு உயிரை விட்ட பெண்ணின் மரணம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கும்? பெரும்பாலும் 'குடும்பப் பிரச்சினை' என்றுதான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். அந்தக் குடும்பத்தின் பிரச்சினையே குடி என்பது கணக்கில் ஏறாது.

ஆண்களுக்கு ஆபத்து நேரடியாக வருகிறது. போதையில் யோசனை சுருங்கிவிடும். காலையில் தாங்கிக்கொள்ளக்கூடிய கடன், இரவில் வழியே இல்லாததாகத் தெரியும். அதிகம் கவனிக்க வேண்டிய காலம், மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போன பிறகு வரும் நாட்கள். அந்தப் பெண் போனது தவறில்லை. தன்னையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்ளப் போகிறார். ஆனால் வீட்டில் தனியாகக் குடித்துக்கொண்டிருப்பவரை அவருடைய அண்ணன் தம்பியோ நண்பரோ தினமும் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று போதையில் சொல்வதைக் குடிகாரன் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் குடியை விட்டவர், மூன்றாம் நாள் வலிப்போடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், காதில் குரல் கேட்கும்; அந்தப் பயத்தில் ஓடிப்போய் விபரீதம் செய்துகொள்வதும் உண்டு. கயிறு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் குடித்தவர் என்றால் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பெண்களிடம் வருவோம். எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வில், மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். எண் சிறியது என்பதாலேயே பெண்களை யாரும் கேட்பதில்லை. பெண் உடலில் நீரின் பங்கு குறைவு. அதனால் அதே அளவு மதுவுக்கு ரத்தத்தில் செறிவு கூடும், கல்லீரல் சீக்கிரம் கெடும். குடிக்கத் தொடங்கி அடிமையாவதற்கு ஆகும் காலமும் பெண்களுக்குக் குறைவு. மானம் போய்விடுமே என்று மறைத்து, மிகத் தாமதமாக வருவார்கள், பெரும்பாலும் மனச்சோர்வோடு.

மதுவைவிட அதிகமாக மறைந்திருப்பது தூக்க மாத்திரை. கணவருக்குக் குடி நிறுத்தும்போது நாங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரை கணக்குக்கு முன்பே தீர்ந்துவிட்டதாக ஒரு பெண் வந்தார். வாய் லேசாகக் குழறியது. மாத்திரை அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். அதிலிருந்து இரவில் ஒன்று தாமும் போட்டுக்கொண்டதாகவும், பிறகு ஒன்று போதாமல் போனதாகவும் மெல்லச் சொன்னார். "அவர் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை, டாக்டர்." சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்டேன். "பிள்ளைக்காகத்தான் இருக்கிறேன்" என்றார். அன்று அவர் பெயரில் தனிச் சீட்டு போட்டுச் சிகிச்சை தொடங்கினோம்.

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள்; மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்; அன்றே அழைத்து வாருங்கள். முயற்சி செய்து பிழைத்தவர் என்றால் போலீஸ் கேஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

இரவு பகல் எந்நேரமும் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அவரோடு வாழ்பவரும் தனக்காகவே அழைத்துப் பேசலாம்.